அண்டாக் கஞ்சியும் உன் நண்டுக் குழம்பும்

என் உயிரான அம்மாவுக்கு,

உன் மகள் தமிழரசி எழுதுகிறேன். விளக்குத் திரியை இறக்கி வைத்து, அடுப்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் தட்டி இடுக்கு வழியாக வெளியே தெரிந்துவிடக் கூடாது. வாய்க்கால் பக்கம் நாய் குரைக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. அப்பா வாசலை மறித்துப் படுத்திருக்கிறார். தலைமாட்டில் அரிவாள். தூங்குகிறாரா, கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடக்கிறாரா, தெரியவில்லை.

பயமாக இருக்கிறது அம்மா. ஆனாலும் இன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் படுக்க முடியவில்லை. இதை நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. என்றைக்காவது இந்த ஊரே படிக்கட்டும். உன் கையால் செய்த குழம்புதான் உன்னைக் கொன்றது என்று சொன்னார்களே, அவர்கள் எல்லாரும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

அறுவடை நாட்களில் களத்துக்குப் பண்ணையாரின் பெரிய வீட்டிலிருந்து கஞ்சி வரும். அது தர்மம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். கஞ்சிக்கென்று நெல்லைக் கழித்துக்கொண்டுதான் கூலி அளப்பார்கள். எனக்கு வேண்டாம், என் நெல்லைக் கொடுங்கள் என்று சொல்ல வழி கிடையாது. வீட்டுச் சோற்றைக் கொண்டுபோய்க் களத்தில் பிரித்தால், பெரிய வீட்டுக் கஞ்சி கசக்கிறதா என்று கேட்பார்கள். மறுநாள் வேலை இருக்காது.

அந்தக் கஞ்சி எப்படிப்பட்டது என்பது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். புடைத்து மிஞ்சிய நொய்யை வேக வைத்து, புளித்த மோரை ஊற்றி, முதல் நாள் ராத்திரியே பித்தளை அண்டாவில் கரைத்து வைத்துவிடுவார்கள். பெரிய வீட்டு அடுக்களைப் பாத்திரங்களுக்கு வருஷா வருஷம் ஈயம் பூச ஆள் வரும். மாட்டுக் கொட்டகையில் கிடக்கும் நம் அண்டாவை அந்த ஆளிடம் யாரும் காட்டியதில்லை. அதன் விளிம்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். நீ பண்ணை வேலைகளைப் பார்க்கும் காரியக்காரரிடம் கேட்டாய். "அண்டாவுக்கு ஈயம் பூசச் சொல்லுங்க, புளிப்பு ஊத்துற பாத்திரம், களிம்பு விஷம்" என்றாய். ஒங்களுக்கு வெள்ளிக் கிண்ணம்தான் வேணுமா என்று அவர் சிரித்தார். நம் வீட்டில் நீ மோரையும் புளியையும் மண்சட்டியைத் தவிர வேறெதிலும் வைத்ததில்லை.

அத்தனையும் தெரிந்த நீ அன்றைக்கு ஏன் அம்மா குடித்தாய்? பசியா? காரியக்காரர் பார்த்துக்கொண்டு நின்றாரா? எனக்குப் பரீட்சை என்று விடியலில் சோறு வடித்து, குழம்பைச் சுட வைத்து மூடிவிட்டுக் கிளம்பினாய். களத்துக்குப் போய்ச் சேரும்போது அண்டாவில் அடிக்கஞ்சிதான் கிடந்தது என்று பாக்கியம் சின்னம்மா சொல்கிறாள். அவளுக்கும் அன்று வாந்திதான். இன்னும் சிலருக்கும் குமட்டல். அவர்கள் மேல்கஞ்சி குடித்தவர்கள். பிழைத்துக்கொண்டார்கள்.

நீ கதிர்க்கட்டை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாய். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது உன் கண் உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டு அப்பா பெரிய வீட்டுக்கு ஓடினார். மாடு களைத்திருக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று வாசலிலிருந்தே பதில் வந்தது. உனக்குக் காலை வரவில்லை.

உன்னைத் தூக்குவதற்கு முன்னாலேயே காரியக்காரர் வந்தார். வேலிக்கு வெளியே நின்றார். "முந்தாநாள் ராத்திரி என்ன தின்னா?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் யோசிக்காமல், நண்டுக் குழம்பு என்றார். அவ்வளவுதான். "அதானே பார்த்தேன். வளை நண்டு விஷமாச்சே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். உன்னைப் புதைத்துவிட்டு வந்து பார்த்தால் ஊர் முழுக்க அதே பேச்சு. டீக்கடையில் அதே பேச்சு. ஆற்றங்கரையில் அதே பேச்சு. அஞ்சலை சமைக்கத் தெரியாமல் சமைத்துத் தின்று செத்தாள்.

அந்தக் குழம்பை நானும் தின்றேன். அப்பாவும் தின்றார். எங்களுக்கு ஒரு ஏப்பம்கூடக் கெட்டுப் போய் வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் கேட்கிற ஆள் யார்? மேடையில் அழகான தமிழ் பேசுகிறவர்கள் ஆட்சிக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. அந்தத் தமிழ் ரோட்டோடு நின்றுவிடுகிறது, வரப்பில் இறங்கி நம் தெருவுக்கு வருவதில்லை.

நீ போன பிறகு நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா உன் குழம்புச் சட்டியைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டு உடைத்தார். ஊர் சொன்னதை அவரும் பாதி நம்பிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் பண்ணையார்மேல் வந்த கோபத்துக்குக் குறைந்ததில்லை. பகலில் அண்டாக் கஞ்சி, ராத்திரியில் டீக்கடையில் ஆறிப்போன போண்டா, அதுவும் இல்லாவிட்டால் வெறும் டீ. எனக்கு ஒரு பன்னை வாங்கித் தாளில் சுற்றிக் கொண்டுவருவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலை சுற்றும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாய்க்கால் கரையில் நண்டு பிடித்தார்கள். பாக்கியம் சின்னம்மா ஓடி வந்து அத்தனையையும் தட்டிவிட்டாள். "அஞ்சலை செத்தது மறந்துபோச்சாடா?" என்றாள். உன் சிநேகிதி. உன்னோடு நாற்று நட்டவள். அவள் வாயிலிருந்தே அது வந்தது.

அன்று சாயங்காலமே நான் வாய்க்காலில் இறங்கினேன். வளைக்குள் பாம்பு இருக்குமோ என்று முதலில் குச்சியை விட்டுப் பார்த்தேன். கல் நண்டு வேண்டாம், வயிறு வெளுத்த வயல் நண்டுதான் வேண்டும் என்று நீ பொறுக்குவாயே, அப்படிப் பொறுக்கினேன். ஓட்டைப் பிரித்து, செவுளை எடுத்துக் கழுவினேன். மிளகும் சீரகமும் மல்லியும் மிளகாயும் அம்மியில் வைத்து அரைத்தேன். கை எரிந்தது. சின்ன வெங்காயத்தைத் தட்டிப்போட்டேன். சட்டி இல்லை. சந்தையிலிருந்து வந்த குயவரிடம் கேட்டு வாங்கிய புதுச் சட்டியைப் பழக்குவதற்கு முதலில் அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். நீ செய்யும்போது பார்த்தது. புளியைக் கரைத்து ஊற்றிக் கொதி வந்ததும் அந்த வாசனை எழுந்தது. நீ உள்ளே வந்து என் பின்னால் நிற்கிறாய் என்றே நினைத்தேன்.

தட்டில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தின்று நான் செத்துப்போனால் அவர்கள் சொன்னது நிஜம். சாகாவிட்டால் உன் சமையல் நிஜம். அப்பா களத்திலிருந்து வருவதற்கு முன்னால் தின்று முடித்தேன். ஒரு காலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

காலையில் எழுந்தேன். அதுதான் அம்மா, நான் தீர்த்த முதல் பழி.

அதன் பிறகு ஒரு நாள்கூட நம் வீட்டில் உலை வைக்காமல் இருந்ததில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை. கூலியாக வரும் நெல்லை அவித்துக் காய வைத்து, உரலில் நானே குத்துகிறேன். தவிட்டைக்கூட வீணாக்குவதில்லை. வரப்பில் பொன்னாங்கண்ணியும் வேலியில் முருங்கையும் யாரைக் கேட்டும் வளரவில்லை. மடை திறந்தால் கெண்டை வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து கருவாட்டுக்காரி வரும் நாளில் ஒரு கை நெல்லுக்கு ஒரு துண்டு வாங்கி, கத்தரிக்காயில் போடுகிறேன். கோபம் அதிகமாக இருக்கும் நாட்களில் மசாலா நன்றாக மசிகிறது.

அப்பா முதலில் தொடவில்லை. நான் தின்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சோறும் ரசமும் தின்றார். பிறகு கீரை. ராத்திரி சுருண்டு படுப்பது நின்றது. ஒரு நாள் நான் கேட்காமலே தட்டை நீட்டினார். சட்டியில் இருந்தது நண்டுக் குழம்பு. தலையைக் குனிந்துகொண்டு தின்றார். மூக்கை உறிஞ்சினார். காரம் என்றார். நானும் காரம்தான் என்றேன்.

நம் அடுப்பில் வெந்தது எதில் வெந்தது, எப்போது வெந்தது, யார் கை பட்டது என்று நமக்குத் தெரியும் அம்மா. அது தெரியாதபடிதான் நம்மை வைத்திருந்தார்கள். களத்தில் நின்று நெல்லைக் கண்ணால் பார்க்கிற நமக்கு, வாயில் போவது என்ன என்று கேட்க உரிமை இல்லை. இதை யோசிக்க யோசிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாக்கியம் சின்னம்மாவிடம் சொன்னேன். நான் எத்தனை மாதமாக நண்டு தின்று வருகிறேன், என்னைப் பாருங்கள் என்றேன். அவள் என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். சதை போட்டிருந்தது. அவள் அழுத அழுகையை நான் நிறுத்தவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அவள்தான் தெருவைக் கூட்டினாள். இந்தத் தை அறுவடைக்கு விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வு கேட்டது. சங்கத்து வீரையன் மாமாவிடம் சின்னம்மா போய், கஞ்சி வேண்டாம், கஞ்சிக்குப் பிடிக்கிற நெல்லைக் கொடுக்கச் சொல்லுங்கள், நாங்கள் வீட்டில் சமைத்துக்கொள்கிறோம் என்றாள். மாமா முதலில் கூலியைப் பேசுவோம், கஞ்சி சின்ன விஷயம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"அப்புறம்னா எப்ப? இன்னொருத்தி போய்ச் சேர்ந்தப்புறமா?" என்றாள் சின்னம்மா.

மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கோரிக்கையில் கஞ்சி முதலில் வந்தது.

வேலை நின்றது. கதிர் தலை சாய்ந்து கிடக்க, பண்ணையார் அந்த அண்டாவை நம் தெரு முனைக்கே அனுப்பினார். அரிவாளோடு வேலைக்கு வருகிறவனுக்குக் கஞ்சி, வராதவனுக்குப் பட்டினி என்று காரியக்காரர் அறிவித்தார். முன்பெல்லாம் அப்படித்தான் நம்மை வளைத்தார்கள். பிள்ளை அழுதால் தாய் போவாள், தாய் போனால் தகப்பன் போவான். இந்த முறை நம் வீடுகளில் குத்திய அரிசி இருந்தது. காய வைத்த கீரை இருந்தது. இல்லாத வீட்டுக்கு இருந்த வீட்டிலிருந்து ஒரு குவளை போயிற்று. ஒவ்வொரு கூரையிலும் புகை எழுந்தது. அண்டா சாயங்காலம் வரை இருந்து, மூடியபடியே திரும்பிப் போனது. அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தைக்குத் தாசில்தார் வருகிறார் என்று தெரிந்ததும் காரியக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். முந்தாநாள். நான் அடுப்படியில் இருந்தேன். சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு பேசினார்.

"மாரிமுத்து, ஒம் பொண்டாட்டி கஞ்சியால செத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. தாசில்தார் ஒன்னத்தான் கேப்பாரு. நண்டு தின்னு செத்தான்னு ஒரே வார்த்தை சொல்லிப்புடு. நீ குடியிருக்கிற மனை யாருதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வயசுக்கு வந்த புள்ளைய வெச்சிருக்க."

அவர் சைக்கிள் மறையும் வரை அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கே ஒரு ஊரில் கூலி கேட்டதற்காகத் தீ வைத்தபோது, குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்கள் திரும்பி வரவே இல்லை என்ற சேதி நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். நான் அப்பாவிடம், என்ன சொல்லப் போறீங்க என்று கேட்டேன். பேசாம இரு பாப்பா என்றார். நம் வீட்டின் கதி என்னாகும் என்பதைவிட, அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரோ என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊர் சொன்னால் பொய். உன் புருஷனே சொல்லிவிட்டால் அது என்றைக்கும் உண்மையாகிவிடும்.

நேற்று சாயங்காலம் மறுபடியும் வாய்க்காலில் இறங்கினேன். இன்று விடியலில் சமைத்தேன். அவர் நண்டு என்று சொன்னால், அத்தனை பேர் முன்னாலும் சட்டியைத் திறந்து நானே தின்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அதற்கு மேல் எனக்கு யோசனை போகவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தாசில்தார் ஜீப்பில் வந்தார். கூடவே போலீஸ். பண்ணையார் நாற்காலியில், நம் ஆட்கள் தரையில். நான் பெண்களுக்கு நடுவில் சட்டியையும் சோற்றுத் தூக்கையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பந்தலின் ஓரத்தில் அந்த அண்டா. வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி மின்னியது. மத்தியானம் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவதாக ஏற்பாடு. தாசில்தாருக்குத் தனியாக வாழை இலை.

பண்ணையார் மெதுவாகத்தான் பேசினார். தாத்தா காலத்திலிருந்து சோறு போட்ட வீடு என்றார். தன் வீட்டுப் பெண்கள் கையால் காய்ச்சுகிற கஞ்சி என்றார். வீட்டில் ஏதோ கண்டதைத் தின்று ஒருத்தி செத்ததை வைத்துச் சங்கத்துக்காரர்கள் அரசியல் செய்கிறார்கள் என்றார். "வேற யாரையும் கேக்க வேணாம். அவ புருஷன் இங்கதான் இருக்கான், அவனையே கேளுங்க" என்று கையைக் காட்டினார்.

அப்பா எழுந்தார். துண்டு தோளில் இல்லை, கக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும், பணிந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். காரியக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தார், சொல்லுங்க, பயப்படாம சொல்லுங்க என்றார்.

என் கை தானாகவே சட்டியின் மூடியை எடுத்துவிட்டது. வாசனை போயிருக்க வேண்டும். அப்பா திரும்பினார். கூட்டத்துக்கு நடுவில் கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து என்னிடம் வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார்.

"போடு" என்றார்.

இலைகூட இல்லை அம்மா. அவர் உள்ளங்கையிலேயே சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, ஒரு நண்டை வைத்தேன். குழம்பு வழிந்து அவர் வேட்டியில் சிந்தியது. அவர் கடித்தார். ஓடு உடைகிற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. தின்று முடித்து, ஓட்டைத் துப்பிவிட்டு, உட்கார்ந்தபடியே சொன்னார்.

"இதாங்க அவ அன்னிக்கு வெச்ச குழம்பு. நானும் தின்னேன். எம் பொண்ணும் தின்னுச்சு. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். களத்துல கஞ்சி குடிச்சவதான் இல்ல."

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. எழுந்து போய் அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் கஞ்சியை மொண்டிருக்கிறேன். பண்ணையார் நாற்காலிக்கு முன்னால் நின்றிருக்கிறேன். சட்டி ஏந்திய கையில் இப்போது அவருடைய டம்ளர்.

"ஐயா, நீங்க ஒரு வாய் குடிங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைத்தான் பார்த்தார். வீட்டில் இப்போதுதான் பலகாரம் முடித்தேன் என்று தாசில்தாரிடம் சொன்னார். பிறகு காரியக்காரரிடம், நீ குடிச்சுக் காட்டு என்றார்.

காரியக்காரர் டம்ளரை வாங்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். அண்ணாந்தார். கீழே இறக்கினார். "எனக்கு மோர் ஒத்துக்காதுங்க" என்றார்.

"எப்பலேருந்துங்க?" என்று பாக்கியம் சின்னம்மாவின் குரல் வந்தது. "போன வாரம் மேலத்தெரு கல்யாணத்துல மோரை வாங்கி வாங்கிக் குடிச்சீங்களே. பந்தி முடிஞ்சும் எந்திரிக்கலியே."

போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். நம் ஆட்கள் தரையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை அம்மா. அந்த டம்ளரைப் பிடுங்கி அவர் வாயைத் திறந்து ஊற்ற வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. பிறகு பண்ணையாருக்கு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். ராத்திரி முழுக்க அவர்கள் வாந்தி எடுக்க வேண்டும். வண்டி கேட்டு ஆள் ஓட வேண்டும். மாடு களைத்திருக்க வேண்டும்.

இப்படி நினைப்பது தப்பா? நீ இருந்தால் என்னை அடிப்பாயா?

தாசில்தார் எழுந்து போய் அண்டாவைச் சாய்க்கச் சொன்னார். கஞ்சி மண்ணில் ஓடியது. உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். வெளியே தங்கமாகத் தேய்த்தவர்கள் உள்ளே கை விடவில்லை. ஒரு முழத்துக்குப் பச்சை. இதுலயா மோரை ஊத்தி ராத்திரி முழுக்க வெச்சீங்க என்று கேட்டார். அவர் வீட்டிலும் பித்தளைப் பாத்திரம் இருக்கும் போலிருக்கிறது, வேறு எதுவும் கேட்கவில்லை. இனிமேல் கஞ்சி கிடையாது, அதற்குப் பிடிக்கிற நெல்லைக் கூலியோடு சேர்த்து மரக்காலில் அளக்க வேண்டும், அவரவர் வீட்டில் சமைத்துக் களத்துக்குக் கொண்டுவந்து தின்னலாம், யாரும் தடுக்கக் கூடாது என்றார். பண்ணையார் தலையை ஆட்டினார்.

வீரையன் மாமா கையைத் தூக்கிக் கோஷம் போட்டார். எல்லாரும் போட்டார்கள். நான் காத்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் அந்தப் பெண் எப்படிச் செத்தாள் என்று யாராவது கேட்பார்கள் என்று நின்றேன். தாசில்தார் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை. நம் ஆட்களே கேட்கவில்லை. நெல் கிடைத்துவிட்டது அல்லவா? ஜீப் கிளம்பிப் போய்விட்டது. பண்ணையார் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். என்னைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று, சட்டியைப் பார்த்தார்.

சாயங்காலம் நம் தெருவில் எல்லா அடுப்பும் எரிந்தது. பாக்கியம் சின்னம்மா நண்டு கேட்டு வந்தாள். மிச்சத்தைக் கொடுத்தேன். அவள் பிள்ளைகள் ஓட்டை நக்கித் தின்றார்கள். வெகுநாளைக்குப் பிறகு இந்தத் தெருவில் உன் பெயரை ருசியோடு சேர்த்துச் சொன்னார்கள். அஞ்சலை பக்குவம் அப்படியே இருக்கிறது என்றாள் சின்னம்மா. எனக்கு அது போதவில்லை.

இருட்டும்போது காரியக்காரர் சைக்கிளில் வந்தார். தெருவுக்குள் வரவில்லை. முனையில் நின்று, மனை யாருதுன்னு ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் அப்பா வாசலில் படுத்திருக்கிறார். சங்கத்து ஆட்கள் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பீடி நெருப்பு தெரிகிறது. அவர்கள்தானா, வேறு ஆட்களா என்று தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

அம்மா, நான் தைரியசாலி இல்லை. நாளைக்கே வந்து கூரையைப் பிரித்தால் நான் அழத்தான் செய்வேன். ஆனால் சமைக்காமல் இருக்க மாட்டேன். வீட்டை இடித்தால் வாய்க்கால் மேட்டுக்குப் போவேன். அடுப்புக்கு மூன்று கல் போதும். பெரிய வீட்டு வாசலுக்கு நேர் எதிரே மேடாக ஒரு இடம் இருக்கிறது, உனக்குத் தெரியும். அங்கே வைப்பேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வைப்பேன். அவர்கள் இலை போட்டு உட்காரும் நேரத்தில் என் குழம்பு கொதிக்க வேண்டும். பரீட்சை எழுதுவேன், பாஸ் செய்வேன், என்றைக்காவது தாசில்தாரைப் போல மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவேன். அன்றைக்கும் என் கையால் சமைத்துத் தின்றுவிட்டுத்தான் போவேன். கஞ்சிதான் கொன்றது, அவள் சமையல் கொல்லவில்லை என்று பண்ணையார் தன் வாயால், ஊர் கேட்கச் சொல்லும் வரைக்கும் இந்த வாசனை அவரை விடாது. அவர் சொல்லாமலே கண்ணை மூடினால் அவர் பிள்ளை சொல்லட்டும். நான் காத்திருப்பேன். எனக்கு வயது இருக்கிறது.

இது உன்மேல் சத்தியம்.

நீ சமைத்ததைத் தின்று உயிரோடு இருக்கும்
உன் மகள்,
தமிழரசி